கரடிக்கு என் அண்ணன் தேர்ந்தெடுத்த தோட்டா

எங்கள் வேட்டைச் சங்கத்துக்கு அறுபது வயதாகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "உறுப்பினர்களைப் பத்தி ஆளுக்கொரு வாழ்க்கைச் சித்திரம் வேணும் ரூஷா. உங்க அண்ணனைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று சங்கத் தலைவர் பார்த்தோல் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் எனக்கு எழுத வரும் என்று ஊரில் ஒரு நினைப்பு. எழுதுகிறேன். இதை அவர்கள் அச்சில் ஏற்ற மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏற்றாவிட்டால் போகட்டும்.

என் அண்ணன் பெயர் ஹின்கோ. ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க யாரும் வரவில்லை என்பதை அவன் அப்படிச் சொல்லிக்கொள்வான். ஆள் குட்டை, ஒல்லி. கழுத்து சட்டைக் காலருக்குள் சுற்றிச் சுழலும். இப்படிப்பட்டவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கறை. பெரிய விலங்கை வீழ்த்துவதற்கு எந்தத் தோட்டா சரியான தோட்டா? இதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. எங்கள் அம்மா செத்த வீட்டில்கூட, சவப்பெட்டியைச் சுமக்க வந்தவர்களிடம் குண்டின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

அப்பாவிடம் ஓர் எட்டு மில்லி துப்பாக்கி இருந்தது. குண்டின் தடிமனை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் தோட்டாவுக்குப் பெயர். அந்த எட்டால் அப்பா மான் சுட்டார், பன்றி சுட்டார், இரண்டு கரடியும் சுட்டார். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஹின்கோ முதல்முறை அதைத் தோளில் வைத்துச் சுட்டபோது, சரியாக அணைத்துப் பிடிக்காததால் துப்பாக்கி பின்னால் உதைத்து, மேலே இருந்த தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. எத்தனையோ பேருக்கு நடப்பதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி சுடப் பழகுவார்கள். இவன் பழகவில்லை. மறுநாளே "எட்டு சரியில்ல" என்று ஆரம்பித்தான்.

அதன் பிறகு அடுத்த பருவத்தில் ஒரு பன்றியைத் தவறவிட்டான். எட்டு மந்தமாம், அதனால் பன்றி தப்பிவிட்டதாம். அப்பாவின் துப்பாக்கியை என் கணவர் லோவ்ரோவிடம் தள்ளிவிட்டு, வேகமான ஏழு மில்லி வாங்கினான். ஏழால் ஒரு மானின் காலை உடைத்தான். ஏழு லேசானதாம், எலும்பை மதிக்காதாம். அடுத்தது ஒன்பது புள்ளி மூன்று. எங்கள் மலைக்காரர்கள் எல்லாரும் வைத்திருப்பது அதுதான். ஆப்பிரிக்காவுக்குப் போன ஜெர்மன்காரர்களுக்காகச் செய்தது. கனமான குண்டு, நிதானமான வேகம், புதருக்குள் நுழைந்தாலும் வழி மாறாமல் போகும். அதை வைத்தும் இவன் பன்றியின் பின்தொடையில்தான் சுட்டான். உடனே அமெரிக்கர்களின் 338, அவர்கள் மில்லியில் அளக்காமல் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அளப்பார்கள். அதுவும் போதாமல் கடைசியில் ஆங்கிலேயர்களின் 375. அதன் அடிப்பக்கத்தில் இடுப்புவார் கட்டியதுபோல ஒரு பித்தளை வளையம் இருக்கும். யானைக்கு எதிரே நிற்கிறவன் வைத்துக்கொள்ளும் தோட்டா அது. எங்கள் கூப்பா ஆற்றங்கரையில் நான் பார்த்த மிகப் பெரிய விலங்கு பார்த்தோலின் எருது.

துப்பாக்கி பெரிதாகப் பெரிதாக அவன் வாயும் பெரிதானது. தபால் நிலையத்தில் ஓய்வூதியம் வாங்க வந்த கிழவிகள் வரிசையில் கால் கடுக்க நிற்பார்கள். இவன் மணியார்டர் தாளின் பின்பக்கத்தில் குண்டு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும் என்று கோடு போட்டு யாருக்காவது விளக்கிக்கொண்டிருப்பான். சங்கத்துக்காரர்கள் கூடும் வேட்டை வீட்டில் நான்தான் சமையல் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பரையில் பன்றிக்கறி கொதிக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவன் ஓதுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மற்ற ஆண்கள் மட்டும் என்ன யோக்கியமா? அவர்களும் கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். ஒருவன் 338 என்பான், இன்னொருவன் 375 என்பான். சுட்ட விலங்கு எங்கே என்று ஒருவனும் கேட்க மாட்டான்.

சுட்ட விலங்கு எங்கே என்பது லோவ்ரோவுக்குத்தான் தெரியும். என் கணவர் வனத்துறையில் வேலை பார்த்தவர். ஷாரா என்று ஒரு நாய் வைத்திருக்கிறார், காயம்பட்ட விலங்கின் ரத்தத்தை மோப்பம் பிடித்துப் போகும் சாதி. யாராவது சுட்டு விலங்கு விழாமல் ஓடிவிட்டால், சங்கம் லோவ்ரோவைக் கூப்பிடும். நாயோடு புதருக்குள் போய் அதைக் கண்டுபிடித்து முடித்து வைக்க வேண்டியது அவர். சங்கத்தில் மற்ற எல்லோருக்கும் சேர்த்து வருடத்தில் இரண்டு மூன்று தடவை போவார். என் அண்ணன் ஒருவனுக்காக மட்டும் அதைவிட அதிகம் போனார். ஒரு தடவை இவன் சுட்ட பன்றி அடர்ந்த குட்டைப் பைன்களுக்குள் லோவ்ரோவின் தொடையைக் கிழித்தது. அன்று அவர் வீட்டுக்கு நடந்து வந்தபோது காலணிக்குள் ரத்தம் சளசளவென்று சத்தம் போட்டது. ஹின்கோ பழத்தட்டோடு வந்து பார்த்தான். அப்போதும் 338 பற்றித்தான் பேசினான்.

அதனால் அவன் புதுத் துப்பாக்கி வாங்கினான் என்று கேள்விப்பட்டாலே நான் வீட்டில் கட்டுத்துணி இருக்கிறதா என்று பார்ப்பேன். அவன் விசையை இழுத்தால் என் புருஷன் புதருக்குள் போக வேண்டும். அது வெறும் பன்றியாக இருந்த வரைக்கும் ஒருமாதிரி பொறுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஜனவரி மாதப் பொதுக்கூட்டத்தில்தான் விபரீதம் வந்தது. வருடத்துக்கு ஒரு கரடியை உறுப்பினர்களுக்கென்று ஒதுக்குவார்கள். யார் சுடுவது என்று ஒரு தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பார்த்தோல் சீட்டை எடுத்து விரித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஹின்கோ" என்றார்.

அறையில் இருந்தவர்கள் ஒருவரும் ஹின்கோவைப் பார்க்கவில்லை. லோவ்ரோவைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். "லோவ்ரோ, உயிலை எழுதி வெச்சிடுப்பா" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினான். லோவ்ரோவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தக் கொப்பரையைத் தூக்கி அவர்கள் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

அந்த வாரமே ஹின்கோ எங்கள் வீட்டுக்கு இரவு உணவுக்கு வந்தான். உருளைக்கிழங்கு போட்டு மசித்த பொலெந்தா என்கிற சோளமாவுக் களியும், புளித்த முட்டைக்கோசும் வைத்திருந்தேன். அவன் தட்டை நகர்த்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து மூன்று தோட்டாக்களை எடுத்து என் மேசை விரிப்பின்மேல் நிறுத்தினான். ஒன்பது புள்ளி மூன்று, 338, 375.

"மச்சான், நீங்க சொல்லுங்க. கரடிக்கு எது?"

லோவ்ரோ மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். "தோள்பட்டைக்குப் பின்னாடி பட்டா மூணுமே போதும். படலைன்னா மூணும் உதவாது."

"அது எல்லாரும் சொல்றது. நான் கேக்கறது தோட்டா."

"என்னைக் கேட்டா ஒன்பது மூணு. குண்டு கனம், ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுட்டுப் போகும். ரெண்டு பக்கமும் ரத்தம் விழுந்தா ஷாராவுக்குச் சுலபம். ஆனா உனக்கு அதைச் சொல்ல மாட்டேன் மச்சான்."

"ஏன்?"

"உனக்கு உதைன்னா பயம். உன் அப்பாவோட எட்டு இங்கதான் இருக்கு. கரடிக்குச் சட்டம் கேக்கற அளவு அதுல இருக்கு. உதை கம்மி. எடுத்துட்டுப் போ, கல்லெறியற தூரத்துல கரடி நிக்கும், நிதானமா சுடு."

ஹின்கோவின் காதுமடல் சிவந்தது. "பயமா? எனக்கா? 375ஐ ஒரு பொழுதுல இருபது தடவ சுட்டிருக்கேன்! என் தோளைப் பாக்கறீங்களா?" சட்டையை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டான். தோள் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். அதை ஒரு பதக்கம்போலக் காட்டினான்.

"அண்ணா, சட்டையைப் போடு. சாப்பாட்டு மேசை இது. கசாப்புக் கடை இல்ல" என்றேன்.

"உனக்கு என்னடி தெரியும்? கரடி திரும்பி வந்தா எட்டு மில்லிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதுக்கு ஊசி போடற மாதிரி இருக்கும்!"

"கரடி திரும்பி வந்தா நீயா எதிர்ல நிப்ப? இவர்தானே நிப்பாரு?"

அவன் பொலெந்தாவை இழுத்து வைத்துக்கொண்டு மூன்று கரண்டி சாப்பிட்டான். பிறகு 375ஐ மட்டும் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களின் முகத்தில்கூட அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

அவன் போன பிறகு லோவ்ரோவிடம் கேட்டேன். "இவன் ஏன் ஒரு தடவகூட ஒழுங்கா சுட மாட்டேங்கறான்?"

"விசைய இழுக்கறப்ப கண்ண மூடிக்கறான். கையும் குழலைக் கீழ அமுக்குது. வெடிச்சத்தத்துலயும் உதையிலயும் அது யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது."

"தெரிய வையுங்க."

காலிக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்புகிற வேலை எங்கள் வீட்டில்தான் நடக்கும். ஹின்கோ சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகள் எங்கள் அலமாரியில் குவிந்து கிடக்கும். லோவ்ரோ ஒரு 375 கூட்டை எடுத்து, வெடிமருந்து போடாமல் குண்டை மட்டும் பொருத்திக் கொடுத்தார். பார்த்தால் மற்றதுபோலவே இருக்கும். விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கரடிக்குப் போகிறவன் பனி உருகும் நேரத்தில் சங்கத் தலைவர் முன்னால் மூன்று தடவை சுட்டுக் காட்ட வேண்டும். அன்றைக்கு எல்லா ஆண்களும் வந்திருந்தார்கள். ஹின்கோ மூன்று தோட்டாக்களைத் துணிமேல் வரிசையாக வைத்துவிட்டு, ஏன் 375 என்று பார்த்தோலுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் காபி ஊற்றிக்கொடுக்கும் சாக்கில் நடுவில் இருந்ததை மாற்றி வைத்தேன்.

முதல் குண்டு இலக்குத் தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது. "காத்து" என்றான் ஹின்கோ. காற்றே இல்லை. இரண்டாவதை ஏற்றினான். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்தினான். விசையை இழுத்தான்.

டிக்.

குழல் ஒரு முழம் கீழே இறங்கியது. கண் இறுக மூடியிருந்தது. தோள் பின்னுக்குத் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, வராத உதையை வாங்கிக்கொண்டு நின்றான். குளிர்ந்த தண்ணீரில் இறக்கப்போகிற குழந்தைக்குக்கூட அந்த முகம் வராது. மைதானமே சிரிப்பில் வெடித்தது.

"இல்லாத கரடி விழுந்துடுச்சுடா ஹின்கோ!" என்று பார்த்தோல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. சபையில் மூக்கறுபட்டுவிட்டான், இனிமேல் இவனைக் கரடிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆண்களைப் பற்றி அவ்வளவு நாள் சமைத்துப் போட்டும் எனக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. அவர்களுக்கு எதையும் விளையாட்டாக்கிவிட்டால் முடிந்துவிட்டது என்ற எண்ணம்.

வேட்டையில் தவறு செய்தவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கை நீதிமன்றம் உண்டு. ஒருவர் நீதிபதி, ஒருவர் குற்றம் சாட்டுகிறவர். குற்றவாளியை அடிமரத்தின்மேல் குப்புறப் படுக்க வைத்து ஹேசல் மரக் குச்சியால் பின்பக்கத்தில் மூன்று அடி போடுவார்கள். அடி வாங்கியவன் எல்லாருக்கும் ஒரு பானை ஒயின் வாங்கித் தர வேண்டும். அதோடு குற்றம் கழிந்தது. அதற்குப் பிறகு அந்தக் குற்றத்தை யாராவது பேசினால், பேசுகிறவனுக்கு அடி. அறுபது வருடமாக இதுதான் வழக்கம்.

அங்கேயே, அப்போதே நீதிமன்றம் கூடியது. பார்த்தோல் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நீதிபதியானார். "இல்லாத கரடியைச் சுட்டதற்காகவும், துணைக்குப் பூமியையும் சுட்டதற்காகவும்" என்று தீர்ப்புப் படித்தார். ஹின்கோ அடிமரத்தில் படுத்தான், முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. மூன்று அடி விழுந்தது. ஒயின் வந்தது. பிறகு சுட்ட மூன்றாவது குண்டு தட்டின் விளிம்பை உரசியபோது, "தொட்டது தொட்டதுதான்!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் பார்த்தோலிடம் போனேன். "அவன் கண்ண மூடிக்கறான். எல்லாரும் பாத்தீங்க. கரடிக்கு அனுப்பாதீங்க. இல்லைன்னா எங்கப்பாவோட எட்டைக் குடுத்து அனுப்புங்க."

"ரூஷா, அடி போட்டாச்சு. ஒயினும் குடிச்சாச்சு. இனிமே அதைப் பேசினீங்கன்னா அடுத்த அடி உங்களுக்குத்தான்" என்றார் பார்த்தோல். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நரைத்த மீசையும் பச்சைத் தொப்பியுமாக இருபது முப்பது பேர். அதில் ஒருவனுக்காவது ஒரு கோழிக்குஞ்சின் மூளை இருந்திருந்தால் போதும்.

வீட்டுக்கு வருகிற வழியில் லோவ்ரோவைக் கேட்டேன். "நீங்களாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் என் மச்சான். வழக்கம்னு ஒண்ணு இருக்கு ரூஷா."

"அவன் என் கூடப்பொறந்தவன். நானே சொல்றேன், அவன் ஒரு வெத்துவேட்டு."

அவர் நடையை எட்டிப் போட்டார்.

ஏப்ரலில் பரண்மேல் உட்கார்ந்து ஹின்கோ கரடியைச் சுட்டான். பொழுது சாய்கிற நேரம். இரை போட்ட இடத்துக்குக் கரடி வந்து பக்கவாட்டில் நின்றதாம், மளிகைக் கடை வாசலில் நிற்கிறதுபோல நின்றதாம். 375 மலை முழுக்க எதிரொலித்தது. அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"மச்சான்! விழுந்துடுச்சு! உருண்டு விழுந்துச்சு!"

"விழுந்து எங்க கிடக்கு?"

"எந்திரிச்சு... உள்ள போயிடுச்சு. ஆனா செத்திருக்கும். 375 மச்சான், அது சாகாம எப்படி இருக்கும்?"

விடிந்ததும் போனோம். நான் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் கூடவே போனேன். சுட்ட இடத்தில் ரத்தத்தோடு ஓர் எலும்புச் சில்லு கிடந்தது. லோவ்ரோ குனிந்து எடுத்துப் பார்த்தார். "முன்னங்கால். கீழ பட்டிருக்கு" என்றார். ஷாராவின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். தோளில் அப்பாவின் எட்டு. குட்டைப் பைன் நெருக்கத்துக்குள் நாயும் அவரும் குனிந்து நுழைந்து மறைந்தார்கள். நான், ஹின்கோ, பார்த்தோல் மூன்று பேரும் காட்டுச் சாலையில் ஜீப்பண்டை நின்றோம். சுட்டவன் வெளியே நிற்க வேண்டும் என்பதும் வழக்கம்தான்.

அங்கே நின்றுகொண்டு என் அண்ணன் என்ன பேசினான் தெரியுமா? குண்டின் முனை காரீயமாக இருந்திருந்தால் அகலமாக விரிந்திருக்கும், செம்பு விரியவில்லை, அதுதான் காரணம் என்று பேசினான். என் புருஷன் போன புதரைப் பார்த்துக்கொண்டே அதைப் பேசினான். பார்த்தோல் தலையை ஆட்டினார்.

"அண்ணா, உன் வாயை மூடு" என்றேன். "இல்லைன்னா இந்த ஜீப்பு சாவிய உன் தொண்டையில திணிச்சிடுவேன்."

அப்போது ஷாரா குரைத்தது. அந்தக் குரைப்பு எனக்குத் தெரியும். எதிரே நிற்கிறது என்று அர்த்தம். மரக்கிளைகள் முறிந்தன. லோவ்ரோ ஏதோ கத்தினார். பிறகு எட்டு மில்லியின் வறண்ட சத்தம், ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் நாயின் சத்தமும் நின்றுவிட்டது. நான் உள்ளே ஓடப்போனேன், பார்த்தோல் என் கோட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையைக் கடித்தேன். விடவில்லை.

லோவ்ரோ தானே நடந்து வந்தார். வலது கையைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தொப்பி கனமாக இருந்தது. ஷாரா அவர் காலை உரசிக்கொண்டே நடந்தது. "முடிச்சாச்சு" என்றார். முகம் வெளுத்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "ரூஷா, கட்டை விரல் இருக்கு" என்றார். மற்ற நான்கும் இல்லை. குழலைக் கரடியின் நெஞ்சில் வைத்துத்தான் சுட்டாராம். அதற்குள் அது கையை வாய்க்குள் வாங்கிவிட்டது.

ரியேக்கா நகர ஆஸ்பத்திரியில் அவருக்கு அறுவை நடந்துகொண்டிருந்த நேரத்தில், வேட்டை வீட்டு முற்றத்தில் சடங்கு நடந்தது. எங்கள் பக்கத்தில் வேட்டை விழுந்தால் ஊசியிலை மரத்தின் கிளையை ஒடித்து ஒரு துண்டை விலங்கின் வாயில் வைப்பார்கள், இறந்ததற்குக் கடைசிக் கவளமாக. இன்னொரு துண்டை ரத்தத்தில் தோய்த்து, சுட்டவனுக்குக் கொடுப்பார்கள். யார் முதல் ரத்தம் எடுத்தானோ கிளை அவனுக்கு, தோலும் மண்டையோடும் அவனுக்கு. முடித்து வைத்தவன் கணக்கில் வர மாட்டான். பார்த்தோல் கிளையைத் தொப்பிமேல் வைத்து ஹின்கோவிடம் நீட்டினார். ஹின்கோ அதை எடுத்துத் தன் தொப்பியில் செருகிக்கொண்டான். வாழ்த்துச் சொன்னார்கள், ஊதுகொம்பு ஊதினார்கள். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்த ஊதுகொம்புக்கு வேறு வேலை கொடுத்திருப்பேன்.

மே மாதக் கடைசியில் லோவ்ரோ வீட்டுக்கு வந்தார். வலது கையில் கட்டு. கரண்டியை இடது கையில் பிடித்து, சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு சாப்பிடப் பழகினார். நான் ஊட்டுகிறேன் என்றால் விட மாட்டார். பித்தான் போட வராது. செருப்புக்குள் கால் நுழைக்க முடிகிறதே என்று அதற்கே சந்தோஷப்படுவார். சங்கத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். எல்லாரும் ஒயின் கொண்டுவந்தார்கள். ஒருவரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. இனி ஒழிந்தது, இந்தக் கையோடு அவரை யாரும் எந்தப் புதருக்குள்ளும் அனுப்ப முடியாது என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். விலை கொடுத்தாவது அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஹின்கோ கடைசியாக வந்தான். பழத்தட்டோடுதான். தொப்பியில் கிளை இன்னும் இருந்தது, காய்ந்து பழுப்பாகி ஊசிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன், வாசலோடு திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் பொலெந்தா வைத்தேன், மேலே வறுத்த பன்றிக் கொழுப்பு போட்டேன். லோவ்ரோவிடம் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கண்கூடக் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்குள்ளும் ஏதோ இளகியது.

"மச்சான்" என்றான். "என் மேலதான் தப்பு."

லோவ்ரோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"375 பத்தாது" என்றான் ஹின்கோ. "அன்னிக்கே எனக்குத் தோணிச்சு. உங்களுக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம், சின்னதா எடுத்துட்டேன். 416ன்னு ஒண்ணு இருக்கு மச்சான். அது பட்டா எந்திரிக்கவே எந்திரிக்காது. பணம் கட்டிட்டேன்."

அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது, அதைக்கூட அணைக்கத் தோன்றவில்லை.

"ஆனா ஒண்ணுதான் கவலை" என்றான். "நாயோட உள்ள போக நம்ம சங்கத்துல உங்கள விட்டா ஆளில்ல. நாய்க்காரன் இல்லாத சங்கத்துக்குக் கரடி கிடையாதுங்கறாரு பார்த்தோல்." லோவ்ரோவின் கட்டுப் போட்ட கையை ஒருதரம் பார்த்தான், பிறகு மற்ற கையைப் பார்த்தான். "இடது கை நல்லாத்தானே இருக்கு மச்சான்?"

லோவ்ரோ அவனைத் தூக்கி வெளியே எறிவார் என்று காத்திருந்தேன். ஒற்றைக் கையாலும் எறிந்துவிடுவார், அவ்வளவு பலம் அவருக்கு. அவர் இடது கையை மேசைமேல் வைத்தார். விரல்களை விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்தார். புதிதாக வாங்கிய ஒரு கருவியைச் சோதிக்கிறவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரைப் பிடிக்கலாம்தான் மச்சான்" என்றார். "துப்பாக்கிக்குத்தான் பழகணும்."

நான் இரண்டு தட்டையும் அவர்கள் முன்னாலிருந்து எடுத்தேன். முற்றத்துக்குக் கொண்டுபோய் ஷாராவுக்கு வைத்தேன். அது மட்டும் நன்றாகச் சாப்பிட்டது.